புல்லுக்குள் நடந்த அக்கா

பூங்காவின் மூலையில் இடுப்புயரத்துக்கு வளர்ந்து நின்ற அலங்காரப் புல்லுக்குள் அக்கா இறங்கியபோது, சுண்டு எதிரே மண்டியிட்டுக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“நடக்கா!”

“எப்படி நடக்கணும்?”

“எப்பவும் நடக்கிற மாதிரி.”

எப்பவும் நடக்கிற மாதிரி நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் காலுக்கு எந்தக் கை என்பதே மறந்துபோய், இரண்டையும் ஒரே பக்கமாக வீசிக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, பட்டாளத்துல சேரப் போறியா? சாதாரணமா வா.”

“சாதாரணமா நடக்கிறவ புல்லுக்குள்ளயாடி நடப்பா? பாதை அந்தப் பக்கம் இருக்கு பாரு.”

ஆனாலும் நடந்தாள். தங்கை கேட்டு இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் அக்காவுக்கு இருந்ததில்லை. பார்சல் ஆபீஸ் நீல யூனிஃபார்மோடு, வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். அக்கா கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. மூட்டைகளைத் தூக்கி எடைமேடையில் வைத்து வைத்து, இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து நடக்கும் நடை அவளுக்கு வந்துவிட்டது. வலது செருப்பின் வார் தளர்ந்திருந்ததால், அவ்வப்போது நின்று கட்டைவிரலை உள்ளே தள்ளி, ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் மேலே நடப்பாள்.

புல் அவளுக்கு இரண்டு பக்கமும் வழிவிட்டது. அவள் கடந்து போனதும் நிமிர்ந்தது. நேராக நிமிர்ந்து நிற்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே மறுபக்கம் சாய்ந்து, தப்பாகப் போய்விட்டோமே என்று வெட்கப்பட்டதுபோலத் திரும்பி, நுனியை மட்டும் ஒரு முறை ஆட்டிவிட்டு அடங்கியது.

“ஐயோ அக்கா! அந்தக் கடைசித் தலையாட்டலப் பாத்தியா?” சுண்டு கைப்பேசியோடு குதித்தாள். “இன்னொரு தடவை வா! அதே மாதிரி வா!”

“இந்தாம்மா! அது நடக்கிற இடமில்ல!” என்று குழாயோடு ஓடிவந்தார் தோட்டக்காரர். “ஏதாவது தொலைச்சுட்டீங்களா?”

“இல்லண்ணே. புல்லு எப்படி நிமிருதுன்னு பாக்குறோம்.”

தோட்டக்காரர் சுண்டுவைப் பார்த்தார். அப்புறம் புல்லுக்கு நடுவே யூனிஃபார்மில் நிற்கும் அக்காவைப் பார்த்தார். “அது தானா நிமிரும். நீங்க பாக்காட்டியும் நிமிரும். வெளிய வாங்க.”

“அண்ணே, நீங்க ஒல்லியா இருக்கீங்க. நீங்க ஒருவாட்டி நடந்தா புல்லு வேற மாதிரி விலகும். நடக்கிறீங்களா?”

அவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் குழாயைக் கீழே போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் ஒரு நோட்டம் விட்டார் என்பதும் உண்மை. நல்லவேளையாக அந்தப் பக்கம் ஒரு கூட்டம் வந்தது. “போங்கம்மா, போங்க. வேலைக்கு வேட்டு வச்சிராதீங்க” என்று குழாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுண்டு என்பது வீட்டில் வைத்த பேர். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம். வளர்ந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. கண்ணில் பட்ட செடியைத் தட்டாமல் போக அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டால் வழியில் உள்ள வேலி, புதர், மதில்மேல் தொங்கும் கொடி என்று எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டி, அது ஆடி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். “இவளைப் பால் வாங்க அனுப்பினா, இவ வர்றதுக்குள்ள மாடே வீட்டுக்கு வந்துரும்” என்பாள் அம்மா.

எதிர்வீட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது தெருப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். மற்ற பிள்ளைகள் முறை வந்ததும் கேமில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எதிரியைத் தேடி ஓடுவார்கள். சுண்டு முறை வந்தால் ஆளை நேராக ஒரு புதருக்குள் நடத்திக்கொண்டு போவாள். போவாள், வருவாள், போவாள், வருவாள். இலைகள் அசையாமல் அவள் ஆளின் மூஞ்சிக்குள் புகுந்து முதுகு வழியே வெளியே வரும். ஒரு நாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“யாருடி அடிச்சா?” என்று அக்கா எழுந்துவிட்டாள்.

“யாரும் அடிக்கல. அந்த இலை என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குதுக்கா.”

“அது படம்டி.”

“படமா இருந்தா? ஆள் வந்தா ஒதுங்க வேணாமா? ஒரு மரியாதை வேணாமா?”

அக்கா பள்ளிப் படிப்போடு பார்சல் ஆபீஸில் சேர்ந்தாள். சுண்டு கம்ப்யூட்டரில் உருவம் செய்கிற படிப்பைப் படித்தாள். வீடியோ கேம் செய்கிற ஒரு ஆபீஸில் வேலையும் கிடைத்தது. கீழே சோபா விற்கும் கடை, மேலே கேம் ஆபீஸ். கொடுத்த முதல் வேலை, கல். காட்டில் கிடக்கும் கல், ஆற்றில் கிடக்கும் கல், பாசி பிடித்த கல், உடைந்த கல். காலையிலிருந்து மாலைவரை கம்ப்யூட்டரில் கல் செய்தாள்.

“பொண்ணு என்ன வேலை பாக்குது?” என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அப்பா, “கல்லு வேலை” என்பார். கேட்டவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, “ஏசி ரூம்ல” என்று சேர்த்துக்கொள்வார்.

சுண்டுவுக்குக் கல் பிடிக்கவே இல்லை. தட்டினால் ஆடாத ஒன்றோடு எவ்வளவு நாள் குடும்பம் நடத்துவது? புல் செய்துகொண்டிருந்த ஆள் வேறு ஆபீஸுக்குப் போனதும், முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். முதலாளியை அங்கே எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “செஞ்சு பாரும்மா” என்றார். அவ்வளவுதான். அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்காமல் வழியெல்லாம் செடியைத் தட்டிக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள்.

கேமில் புல் என்பது சாதாரணமாக அட்டையில் வெட்டி நட்டுவைத்த மாதிரிதான். ஆள் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். சுண்டு செய்த புல் அப்படியில்லை. ஒவ்வொரு புல்லுக்கும் அடியில் கறுப்பு, நுனியில் வெள்ளை, நடுவில் சாம்பல் என்று வண்ணம் தீட்டுவாள். விளையாடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். கறுப்பு என்றால் அசையாதே, வெள்ளை என்றால் ஆடு என்று அர்த்தம். ஒரு தடவை அவசரத்தில் தலைகீழாகத் தீட்டிவிட்டாள். வயல் முழுக்கப் புல்லின் நுனிகள் காற்றில் ஆணி அடித்தாற்போல நிற்க, வேர்கள் மட்டும் தரையைப் பெருக்கோ பெருக்கென்று பெருக்கின. கேமைச் சோதித்துப் பார்ப்பவளான முட்டு சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. எந்தச் சுவரைப் பார்த்தாலும் முட்டி முட்டி, ஆள் உள்ளே போகிறதா என்று பார்ப்பதுதான் முட்டுவின் வேலை, பேரும் அப்படி வந்ததுதான். அன்று நிஜச் சுவரிலும் முட்டிக்கொண்டாள்.

காற்றுக்கும் சுண்டு பாடுபட்டாள். முதலில் வீசவைத்த காற்றுக்கு எல்லாப் புல்லும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. பள்ளிக்கூட உடற்பயிற்சி மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று கலைத்துவிட்டாள். இப்போது காற்று வந்தால் வயல்மேல் அலை உருண்டு வந்தது. வீட்டில் மேஜைவிசிறி முன்னால் செடித்தொட்டியை வைத்து, “வேகத்தக் கூட்டுக்கா, குறைக்கா” என்று அக்காவைப் பட்டன் அமுக்கவைத்துக் கற்றுக்கொண்டது அது. அம்மா அந்த வழியே போகும்போதெல்லாம், “செடிக்கு வேர்க்குதாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கத்தரி வாயைத் திறந்தார்.

கேம் திக்காமல் திணறாமல் ஓடவேண்டியது கத்தரியின் பொறுப்பு. எது அதிகம் இடம் பிடிக்கிறதோ அதை வெட்டுவார். மேகத்தை வெட்டினார், ஆற்றில் பாதி மீனை வெட்டினார். நடுவில் ஒரு மலையையே வெட்டி, அந்த மலையைச் செய்தவனை ஒரு வாரம் பேசாமல் அலையவிட்டார்.

“தாயே, உன் புல்லு இருக்கே,” என்று சுண்டுவின் மேஜையில் வந்து சாய்ந்தார், “ஆள் உள்ள வந்தா ஒவ்வொண்ணும் உக்காந்து கணக்குப் போடுது. எவ்வளவு சாயணும், எவ்வளவு நிமிரணும், எப்ப வெக்கப்படணும்னு. மெஷின் மூச்சு வாங்குது. அட்டைப் புல்லு ரெடியா இருக்கு. மாத்திடவா?”

“அட்டைப் புல்லு கண்டுக்காது!”

“எதைக் கண்டுக்காது?”

“ஆளை!”

சத்தம் கேட்டு வந்த கேப்டன் இருவரையும் விலக்கினார். வெள்ளிக்கிழமை இந்த கேமை வாங்கி வெளியிட நினைக்கும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். “சுண்டு, அழகா இருக்கும்மா, இல்லேங்கல. ஆனா இந்தப் புல்லு ஆடுறதால ஆட்டத்துக்கு என்ன லாபம்? அதை மட்டும் எனக்குக் காட்டு. காட்டிட்டா இருக்கும். இல்லேன்னா அட்டைப் புல்லுதான், நீ பழையபடி கல்லுக்குப் போயிரு. ஆத்தங்கரைக்கு நிறையக் கல்லு வேணும்.”

கல்! சுண்டு அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் கிடந்த உருளைக்கிழங்கைக் கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

லாபம் என்ன என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் புல்லை இன்னும் நன்றாகச் செய்வது. அதற்காக ஒரு காரியம் செய்தாள். கேமுக்குள் புல்லுக்குத் தெரிவது ஆள் இல்லை, ஆளைச் சுற்றி இருக்கும் ஒரு உருண்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டை உருண்டு வந்தால் புல் விலகும். சுண்டு அக்கா அளவுக்கு ஒரு உருண்டை செய்தாள். பூங்காவில் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, அக்கா எப்படி அசைந்தாளோ அப்படியே அதை அசையவிட்டாள், எங்கே நின்றாளோ அங்கே நிற்கவைத்தாள், நின்ற இடத்தில் ஒரு அழுத்தும் கொடுத்தாள். அதற்கு ‘அக்கா’ என்றே பேரும் வைத்தாள். வயலுக்குள் அது பாட்டுக்கு நடக்கட்டும், நாம் பக்கத்தில் நின்று புல் நிமிர்வதைப் பார்க்கலாம் என்று திட்டம். பார்த்தாள், திருத்தினாள், திருத்தத் திருத்தப் பார்த்தாள். நிமிர்ந்து, அதிகமாகச் சாய்ந்து, வெட்கப்பட்டு, நுனியை ஒரு முறை ஆட்டி... அடேயப்பா! அச்சு அசல் பூங்காப் புல். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே சோதனைக்கு முட்டுவிடம் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அக்காவை உள்ளேயிருந்து எடுக்க மறந்துவிட்டாள்.

டீ பாதி குடிப்பதற்குள் அலறல் கேட்டது. சோதனை அறைக்கு எல்லோரும் ஓடினார்கள். முட்டு நாற்காலிமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி திரையைக் காட்டினாள்.

“உள்ள யாரோ இருக்காங்க!”

“பூதமா இருக்கும்” என்றார் கத்தரி.

“பூதம் அந்தா, மரத்தடியில நிக்குது. இது வேற!”

அந்தக் கேமில் வழி தவறியவன் ஒருவன் ஒரு காட்டைக் கடக்க வேண்டும், அவனைத் துரத்த ஒரு பூதம். கொம்பு, பல், வால், மூக்கில் புகை என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து அந்தப் பூதத்தைச் செய்திருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பல் துலக்கச் சொன்ன எருமை மாதிரி இருக்கிறது என்று முட்டுவே சொல்லியிருந்தாள். கேப்டனுக்கு அதுதான் தீராத கவலை.

“தள்ளு, நான் பாக்குறேன்” என்று கேப்டன் உட்கார்ந்தார். ஆளை வயலுக்குள் நடத்தினார். எங்கும் அமைதி. புல் மேல் அலை உருண்டது. சட்டென்று தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் புல் இரண்டாகப் பிளந்தது. ஆள் இல்லை, தலை இல்லை, ஒன்றுமில்லை. பிளவு மட்டும் அசைந்து அசைந்து, அவசரமே இல்லாமல் வந்தது. வந்து நின்றது.

“ஏன் நிக்குது?” கேப்டனின் குரல் சிறுத்துப் போயிருந்தது.

“காது கொடுத்துக் கேக்குது சார்” என்றாள் முட்டு. “நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குது.”

நின்ற இடத்தில் புல் ஒரு அழுத்து அழுந்தியது. மறுபடி நேராகக் கேப்டனை நோக்கி வந்தது. அவர் எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டு, “அம்மாடி!” என்று நாற்காலியோடு பின்னுக்கு உருண்டு, கத்தரியின் கால்மேல் ஏறி நின்றார்.

காலை உருவிக்கொண்ட கத்தரி, நொண்டியபடியே பக்கத்துக் கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பவற்றின் பெயர்களை வரிசையாகத் தேடினார். மரம், மரம், கல், கல், கல், பூதம். நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“இங்க ‘அக்கா’ன்னு ஒண்ணு இருக்கு. யாரோட அக்கா?”

வாசலில் டீ கிளாஸோடு நின்ற சுண்டுவின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

“என்னோட அக்காதான் சார். எடுக்க மறந்துட்டேன். இப்பவே எடுத்துடுறேன்” என்று ஓடிவந்தாள். தன் வேலை அன்றோடு கல்லாகிவிட்டது என்றே நினைத்தாள்.

“தொட்ட, தெரியும் சேதி!” என்றார் கேப்டன். “அந்த எருமையைத் தூக்கு. அக்கா இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அவங்களுக்கு இதைத்தான் காட்டுறோம்.”

சுண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. “அப்போ புல்லு?”

“அவங்க பாத்துட்டுச் சொல்லட்டும். அவங்க பயந்தா உன் புல்லு இருக்கும். சிரிச்சாங்கன்னா கல்லுதான்.”

“மெஷின் தாங்கணுமே” என்று கத்தரி ஒரு கொக்கி போட்டார். “அந்த நேரம் பாத்துத் திக்கிச்சுன்னா, பேய் திக்குவாய்ப் பேயாயிரும்.”

சுண்டுவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த நிற்றல் காது கொடுத்துக் கேட்பது இல்லை, செருப்பு சரிசெய்வது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆபீஸில் சொன்னால் பயம் போய்விடும். அக்காவிடமோ, உன் நடையை வைத்து ஊரைப் பயமுறுத்தப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? இதில் கேப்டன் வேறு, “உங்க அக்காவையும் கூட்டிட்டு வாம்மா, அவங்களும் பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

“என்னைய எதுக்குடி கூப்பிடுறாங்க?” என்றாள் அக்கா.

“சும்மா. புல்லு பாக்க.”

“புல்லு பாக்க லீவா? எங்க சூப்பர்வைசர்கிட்ட இதை நான் எப்படிச் சொல்றது?”

எப்படியோ சொன்னாள். வெள்ளிக்கிழமை, தங்கை சிக்கெடுத்துவிட்ட தலைமுடியும், கையில் குடையும், தோளில் பையுமாக அக்கா கேம் ஆபீஸ் படியேறி வந்தாள். காலில் அதே செருப்பு. பெரிய திரை இருந்த அறையில் கடைசியில் ஓரமாக நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னதற்கு, “பரவால்ல தம்பி, நின்னே பழகிப்போச்சு” என்றாள்.

வந்தவர்கள் இரண்டு பேர். கோட்டுப் போட்ட பருமனான ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கோட்டுக்காரர்தான் விளையாட உட்கார்ந்தார். அவர் எதற்கும் அசையாதவர் என்று பேர். உட்கார்ந்த விதத்திலேயே அது தெரிந்தது. ஒரு கையில் டீ, ஒரு கையில் விளையாடும் கருவி. கத்தரி ஒரு மூலையில் மெஷினின் வேகத்தைக் காட்டும் எண்ணையே பார்த்தபடி இருந்தார். சுண்டு நகத்தைக் கடித்து முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற முட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டுக்காரர் காட்டுக்குள் போனார். “ம்” என்றார். மரங்களைப் பார்த்தார். “ம்” என்றார். வயலுக்குள் இறங்கினார். தூரத்தில் புல் பிளந்தது.

“அது என்ன?”

பிளவு அசைந்து அசைந்து வந்தது. புல் அடர்ந்த இடத்துக்குள் அது நுழைந்ததும் கத்தரியின் எண் இறங்கத் தொடங்கியது. இறங்கியது, இன்னும் இறங்கியது. சுண்டு கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடத்தில் திக்கினால் எல்லாம் போச்சு. கத்தரி பல்லைக் கடித்தார். எண் அங்கேயே நின்றது, அதற்குக் கீழே போகவில்லை. திரை தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

பிளவு நின்றது. கோட்டுக்காரரும் நின்றார். புல் ஒரு அழுத்து அழுந்தியது. அப்புறம் நேராக அவரை நோக்கி...

எதற்கும் அசையாத அந்த மனிதர் போட்ட கூச்சலில் கீழே சோபாக் கடையிலிருந்து ஆள் மேலே வந்துவிட்டார். டீ கோட்டில், கருவி தரையில். கண்ணாடிக்கார அம்மா முட்டுவின் மறு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அறையின் கடைசியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அடியே சுண்டு! அது என் நடைடி!”

எல்லாத் தலையும் திரும்பியது.

“நின்னுச்சே, அது வலது கால் செருப்பு. வார் தளந்து போச்சு. விரலை உள்ள விட்டு அமுக்கினாத்தான் வரும்.” சொல்லிவிட்டு அக்கா அந்த இடத்திலேயே நின்று காட்டினாள். கட்டைவிரல், தள்ளல், ஒரு அழுத்து. திரையில் அழுந்திய புல்லும் இதுவும் ஒன்றுதான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

கோட்டுக்காரர் அக்காவின் காலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். “நீங்களாம்மா அது?” என்று கேட்டுவிட்டு, கோட்டில் டீ சொட்டச் சொட்டச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததும் அறையே சிரித்தது. கேப்டன் சிரித்தார், முட்டு சிரித்தாள், எதற்கென்று தெரியாமல் சோபாக் கடைக்காரரும் சிரித்தார். சுண்டு மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் கல் என்றுதானே பேச்சு?

“சார், நீங்க பயந்தீங்களா, சிரிச்சீங்களா?” என்று கேட்டேவிட்டாள். “எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“ரெண்டும்தான்மா” என்றார் அவர் கோட்டைத் துடைத்தபடி. “பயந்தது முதல்ல.”

“கண்ணுக்கே தெரியாத ஒண்ணை நாங்க எப்படிப் பாத்தோம்?” என்று கண்ணாடிக்கார அம்மா கேட்டார். கேள்விக்கு அவரே பதிலும் சொன்னார். “புல்லுல. புல்லை எடுத்துட்டா இங்க ஒண்ணுமே இல்ல.”

கேப்டன் சுண்டுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரே ஒரு ஆட்டல்தான். ஆனால் அந்த ஆட்டலுக்குச் சுண்டு குதித்த குதியில் கீழே சோபாக்கள் அதிர்ந்திருக்கும்.

“திக்கவே இல்லையே, எப்படி?” என்று அவள் கத்தரியிடம் ஓடினாள்.

“காலையில கொஞ்சம் வெட்டி இடம் பண்ணினேன் தாயே.”

“எதை வெட்டினீங்க?”

“கல்லை.”

“எந்தக் கல்லை?”

“நீ செஞ்ச கல்லைத்தான். எல்லாத்தையும்.”

உலகத்தில் தான் செய்ததை வெட்டியதற்காக யாராவது ஒருவர் கத்தரிக்குக் கைகொடுத்திருந்தால் அது சுண்டு மட்டும்தான். இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது.

இதற்கிடையில் முட்டு அக்காவைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டாள். “நீங்க ஆடுங்கக்கா. இதைத் தள்ளினா முன்னாடி போவீங்க.”

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு, எடைமேடையில் முள் நிற்கக் காத்திருப்பவள் மாதிரி கவனமாகத் தள்ளினாள். வயலுக்குள் இறங்கினாள். தூரத்தில் புல் பிளந்து வந்தது. அக்கா திரும்பி ஓடவில்லை. நேராக அதை நோக்கி நடந்தாள்.

“அக்கா, ஓடுங்க! அதுகிட்டப் போகக் கூடாது!” என்று முட்டு பதறினாள்.

“என்னைப் பாத்து நானே பயந்து ஓடினா, வீட்டுல எவ என்னை மதிப்பா?”

இரண்டு பிளவுகளும் நெருங்கின. எதிரே வந்தது நின்றது. அக்காவும் நிறுத்தினாள்.

“பிடிக்கப் போகுது, பிடிக்கப் போகுது!”

“இரும்மா, அவசரப்படாத. செருப்பு போட்டுக்கிறா.”

அது அழுந்தி முடித்து, அக்காவைத் தாண்டி அசைந்து அசைந்து போய்விட்டது. எதிரே வந்து நிற்பவரை என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. கத்தரி தலையில் கைவைத்துக்கொண்டார். கோட்டுக்காரர் இன்னொரு டீ கேட்டார்.

அக்காவுக்கு இப்போது அதன்மேல் கவனம் இல்லை. தன் காலடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி முன்னால் போனாள், விலகியது. ஒரு அடி பின்னால் வந்தாள், நிமிர்ந்து, அதிகமாகச் சாய்ந்து, வெட்கப்பட்டுத் திரும்பி, நுனியை ஆட்டியது. மறுபடி போனாள், மறுபடி வந்தாள். எதிர்வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு காலத்தில் ஒருத்தி போனாள் வந்தாள் என்று செய்ததையே, எல்லோரும் பார்த்திருக்க, அக்கா செய்துகொண்டிருந்தாள்.

“சுண்டு” என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது என்னைக் கண்டுக்குதுடி!”

சுண்டு பின்னாலிருந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குடை கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

புறப்படும்போது கேப்டன் வாசல்வரை வந்தார். “அக்கா, இன்னும் நிறைய நடை வேணும். மேட்டுல ஏறணும், தண்ணியில இறங்கணும். ஒரே ஒரு வேண்டுகோள். கேம் வெளிய வர்ற வரைக்கும் அந்தச் செருப்பை மட்டும் மாத்திராதீங்க.”

“மழை வரப்போகுதே தம்பி.”

“மழையிலயும் நடங்க” என்றாள் சுண்டு முந்திக்கொண்டு. “ஈரப் புல்லு வேற மாதிரி நிமிரும்க்கா!”

அக்கா தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். குடையை எடுத்தாள். கட்டைவிரலை உள்ளே தள்ளி, ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் படியிறங்கினாள்.